பதினைந்தாம் நடைமேடையில் நின்ற இருவர்

ஜப்பானிய எழுத்தாளர் மாட்சுமோட்டோ செய்ச்சோவின் ‘புள்ளிகளும் கோடுகளும்’ என்ற துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒன்று, டோக்கியோ ரயில் நிலையத்தில் கிடைக்கும் அந்த நான்கு நிமிடங்கள். மற்றொன்று, துப்பறிபவருக்கு விமானம் என்ற ஒன்று உலகில் இருப்பதே நெடுநேரம் நினைவுக்கு வரவில்லையே என்ற கேலி. முதலாவதை வியப்பாகவும் இரண்டாவதைக் குறையாகவும் சொல்லிவிட்டு, ‘ரயில் கால அட்டவணையை வைத்து எழுதிய சாமர்த்தியமான கதை’ என்று முடித்துவிடுவது வழக்கம். நாவலைப் படித்து முடித்த நாள் முதல் இந்தத் தீர்ப்பு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கால அட்டவணை அந்த நாவலின் பூட்டு மட்டுமே. பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைப் பேச வேண்டுமானால் முடிவையும் சொல்லியாக வேண்டும். எனவே நாவலை இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

கதையின் தொடக்கம் எளிமையானது. ஜனவரி மாதக் குளிரில், ஒரு காலைப் பொழுதில், கியூஷூ தீவின் ஃபுகுவோக்கா நகரை அடுத்த காஷீ கடற்கரைப் பாறைகளின்மீது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அருகருகே இறந்து கிடக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பழச்சாறு பாட்டில். சாவுக்குக் காரணம் சயனைடு. ஆண், லஞ்ச ஊழல் விசாரணையில் சிக்கியிருந்த ஓர் அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அதிகாரி சயாமா. பெண், டோக்கியோவின் அகசாகா பகுதியில் உள்ள ஓர் உணவகத்தில் பணிபுரிந்த ஒட்டோகி. இருவரும் ஒரு வாரத்துக்கு முன்பு ஒன்றாக ரயிலேறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். காவலர்களுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. காதலர் இருவர் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொள்வது ஜப்பானியருக்கு நன்கு பழகிய கதை. நாடகாசிரியர் சிக்கமாட்சு 1703இலேயே அதைப் பொம்மலாட்ட மேடையில் ஏற்றி ஊரையே அழவைத்திருக்கிறார். இறந்தவர்கள் தாங்களே இறந்தார்கள் என்றால் தேட வேண்டிய குற்றவாளி இல்லை, கோப்பை மூடிவிடலாம். அந்தக் கடற்கரையில் நிற்கும் காவலர்களின் முகங்களில் தெரியும் நிம்மதியை மாட்சுமோட்டோ மிகச் சில வரிகளில் காட்டிவிடுகிறார்.

இந்த நிம்மதிதான் நாவலின் உண்மையான விஷயம் என்று நான் நினைக்கிறேன். கொலையாளி பயன்படுத்திய முதல் ஆயுதம் சயனைடு அல்ல. ஓர் ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் அவர்களுக்கிடையே என்ன நடந்திருக்கும் என்று ஊராருக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நம்பிக்கையே அது.

ஒருவருக்கான ரசீது

இந்த நிம்மதியில் பங்கு பெறாதவர் ஒருவரே. ஃபுகுவோக்கா காவல்துறையின் டோரிகாய் ஜூதாரோ, ஒல்லியான, பழைய மேலங்கி அணிந்த, தோற்றத்தில் எந்தக் கவர்ச்சியும் இல்லாத நடுவயது ஆசாமி. இறந்த சயாமாவின் சட்டைப்பையில் ரயிலின் உணவகப் பெட்டியில் சாப்பிட்டதற்கான ரசீது ஒன்று கிடைக்கிறது. அதில் ‘ஒருவர்’ என்று குறித்திருக்கிறது. காதலியோடு சேர்ந்து சாகப் போகிற ஒருவன், போகிற வழியில் தனியாகப் போய்ச் சாப்பிடுவானா? அவளுக்குப் பசிக்காமல் இருந்திருக்கலாமே என்று மேலதிகாரி சொல்லிவிடுகிறார். சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

டோரிகாய் அன்றிரவு வீட்டில் சாப்பிடும்போது, திருமணமாகவிருக்கும் தன் மகளிடம் இதைக் கேட்கிறார். உனக்குப் பசியில்லை, அவருக்கோ பசிக்கிறது என்றால் அவரைத் தனியாக அனுப்பிவிட்டு நீ இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பாயா? மாட்டேன், கூடப் போய் ஒரு காப்பியாவது குடிப்பேன் என்கிறாள் மகள். டோரிகாய்க்கு அது போதுமானதாக இருக்கிறது. இது வயிற்றைப் பற்றிய கேள்வி அல்ல, அன்பைப் பற்றிய கேள்வி என்று அவர் முடிவுக்கு வருகிறார். துப்பறியும் கதைகளில் நான் படித்த தடயங்களில் இதைப் போல் வேறொன்று இல்லை. பூதக்கண்ணாடி தேவைப்படாத தடயம் இது. ரசாயனச் சோதனையும் இல்லை, அறிவுஜீவித் துப்பறிபவரின் மேதாவிலாசமும் இல்லை. சாப்பாட்டு வேளையில் ஒரு தகப்பன் மகளிடம் கேட்கும் கேள்வியும், அவள் யோசிக்காமல் சொல்லும் பதிலும் மட்டுமே இருக்கின்றன. ஒரு கொலையின் தையல் முதலில் பிரிவது இங்கேதான்.

ஆனாலும் இதே இடத்தில்தான் என் உறுத்தலும் தொடங்கியது. டோரிகாய் சரியான முடிவுக்கு வருகிறார் என்றாலும், அவர் பயன்படுத்தும் அளவுகோல் மற்றக் காவலர்களின் அளவுகோலேதான். ஆணும் பெண்ணும் சேர்ந்து இறந்திருந்தால் காதல் என்று அவர்கள் நம்பினார்கள். காதல் என்றால் பெண் கூடப் போயிருப்பாள் என்று இவர் நம்புகிறார். இரண்டுமே பொதுப்புத்தியின் வாக்கியங்கள். ஒன்று தவறாகவும் மற்றொன்று சரியாகவும் முடிந்தது என்பதைத் தவிர, அவற்றின் உள்கட்டுமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நாவல் இதை அறிந்தே செய்கிறதா என்று முதல் வாசிப்பில் எனக்குத் தெளிவாகவில்லை.

நான்கு நிமிடங்கள்

அந்தப் புகழ்பெற்ற நான்கு நிமிடங்களைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இயந்திரக் கருவிகள் விற்கும் வணிகரும், அந்த அமைச்சகத்தோடு நெருங்கிய தொடர்புடையவருமான யசுதா, தான் வழக்கமாகப் போகும் உணவகத்தின் இரண்டு பணிப்பெண்களுக்கு விருந்தளித்துவிட்டு, தன்னை வழியனுப்ப டோக்கியோ நிலையத்துக்கு அவர்களை அழைத்து வருகிறார். காமகுராவுக்குச் செல்லும் வண்டிக்காக மூவரும் பதின்மூன்றாம் நடைமேடையில் நிற்கும்போது, எதிரே பதினைந்தாம் நடைமேடையில் ஃபுகுவோக்காவின் ஹகாட்டா நிலையத்துக்குச் செல்லும் அசாகாஸே விரைவு வண்டி நிற்கிறது. அதில் தங்கள் தோழி ஒட்டோகி ஓர் இளைஞனோடு ஏறுவதைப் பெண்கள் பார்த்துவிடுகிறார்கள். வண்டிகள் ஓயாமல் வந்து போகும் அந்த நிலையத்தில், இடையிலுள்ள பாதைகள் காலியாக இருந்து இங்கிருந்து அங்கே பார்வை எட்டுவது அந்த நேரத்தில் மாலை 5.57 முதல் 6.01 வரைதான். அதற்கு முன்பும் பின்பும் ஏதாவது ஒரு வண்டி நின்று மறைத்துக்கொள்ளும். அந்த நான்கு நிமிடத்துக்குள் சாட்சிகள் அங்கே இருந்தது தற்செயலா, யாரோ கொண்டுவந்து நிறுத்தினார்களா?

இந்த நாவல் 1957 பிப்ரவரியிலிருந்து 1958 ஜனவரி வரை ‘தபி’ என்ற பயண இதழில் தொடராக வந்தது. அதை வெளியிட்டது ஜப்பான் சுற்றுலாக் கழகம். ரயில் கால அட்டவணையை அச்சிட்டு விற்றதும் அதே நிறுவனம்தான். அசாகாஸே அப்போது ஓடத் தொடங்கி ஓரிரு மாதங்களே ஆகியிருந்த புது வண்டி. நாவலில் வரும் ரயில், விமான நேரங்கள் யாவும் 1957ஆம் ஆண்டு அட்டவணையின்படியானவை என்று நூலில் குறிப்பே உண்டு. அன்றைய வாசகர் ஒருவர் கதையை ஒரு கையிலும் அட்டவணையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு சரிபார்த்திருக்கக் கூடும். இன்றோ அசாகாஸே 2005இல் நிறுத்தப்பட்டுவிட்டது. யசுதா ஹொக்கைடோவுக்குக் கடந்ததாகச் சொல்லும் கப்பல் சேவையும் 1988இல் கடலடிச் சுரங்கப்பாதை திறந்தபோதே முடிந்துவிட்டது. சரிபார்க்க எதுவும் மிச்சமில்லாதபோதும் நாவல் நிற்கிறது. அதனால்தான் அதன் உயிர் அட்டவணையில் இல்லை என்கிறேன்.

விமானத்தைப் பற்றிய கேலிக்கும் ஒரு வார்த்தை. டோக்கியோவிலிருந்து விசாரிக்க வரும் மிஹாரா, சம்பவ நேரத்தில் யசுதா ரயிலிலும் கப்பலிலுமாக ஹொக்கைடோவின் சப்போரோவுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதை உடைக்க முடியாமல் பல பக்கங்கள் திணறுகிறார். இருபத்தோராம் நூற்றாண்டு வாசகருக்கு அது பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அரசுச் சம்பளத்தில், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் இடுப்பு நோக நாடு முழுக்க அலையும் ஒரு காவலருக்கு 1957இல் விமானம் என்பது செய்தித்தாளில் அமைச்சர்கள் ஏறி இறங்கும் பொருள். பணக்கார வணிகர் ஒருவருக்குத் தோன்றுவது அவருக்குத் தோன்றத் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தை நான் வர்க்கத்தின் தாமதமாகவே படித்தேன். தொடக்கப்பள்ளிக்கு மேல் அதிகம் படிக்க வாய்ப்பில்லாமல், அச்சகத்தில் வேலை செய்து, கொகுராவில் செய்தித்தாள் ஒன்றின் விளம்பரப் பிரிவில் வரைந்துகொண்டிருந்து, நாற்பது வயதைக் கடந்தபின் எழுத்தாளராக அறியப்பட்ட ஒருவருக்கு இது தெரியாமல் நடந்த பிழையாக இருக்க முடியாது.

காப்பிக் கடையின் கதவு

நாவலில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்த இடம் வேறு. சம்பவ இடத்தில் தான் இல்லை என்பதற்கு யசுதா காட்டும் சான்றைக் கிட்டத்தட்ட உடைத்துவிட்ட பிறகும், மிஹாராவுக்கு ஒரு முட்டுச்சுவர் மிஞ்சுகிறது. சம்பவ இரவில் காஷீயில் ஒரு ஜோடியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அரசு ரயில்வேயின் காஷீ நிலையத்தில் 9.24 வண்டியில் ஓர் ஆணும் பெண்ணும் இறங்கியதைப் பழக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். சற்றுத் தள்ளியுள்ள தனியார் ரயில்வேயின் காஷீ நிலையத்தில் 9.35 வண்டியில் இறங்கிய இன்னொருவர், தன்னைக் கடந்து போன ஜோடியில் பெண், என்ன இவ்வளவு ஆளரவமற்ற இடமாக இருக்கிறதே என்று சொன்னதைக் கேட்டிருக்கிறார். டோரிகாய் கையில் கடிகாரத்தோடு இரு நிலையங்களுக்கும் இடையே மெதுவாகவும் வேகமாகவும் நடந்து பார்க்கிறார். பதினொரு நிமிடம் ஆக வழியே இல்லை. அந்த ஜோடி வழியில் என்ன செய்துகொண்டிருந்தது? காவலர்களோடு சேர்ந்து வாசகரும் இந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருப்பார், கேள்வியே தவறு என்பது தெரியாமல்.

மிஹாரா காப்பிப் பிரியர். ஒருநாள் வழக்கமாகப் போகும் காப்பிக் கடைக் கதவை அடையும்போது, முன்பின் தெரியாத ஓர் இளம்பெண்ணும் அதே நேரத்தில் அங்கே வருகிறாள். இருவரும் ஒருவர்பின் ஒருவராக நுழைகிறார்கள். பரிமாறும் பெண் அவர்களை ஜோடி என்று எண்ணி ஒரே மேசைக்கு அழைத்துப் போகப் பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அந்தக் கணத்தில் எல்லாம் குலைந்து விழுகிறது. காஷீயில் அன்றிரவு நடந்து சென்றது ஒரு ஜோடி அல்ல, இரண்டு ஜோடிகள். ஒன்றில் யசுதாவும் ஒட்டோகியும். மற்றதில் யசுதாவின் மனைவி ரியோகோவும் சயாமாவும். ஒட்டோகியும் சயாமாவும் தனித்தனியாக நஞ்சூட்டப்பட்டு, இருட்டில் ஒருவர் பக்கத்தில் ஒருவராகக் கிடத்தப்பட்டார்கள். அவர்கள் காதலர்களாக ஒருபோதும் இருந்ததில்லை. ரயிலில் இருவரும் ஏறினார்கள், ஆனால் அவள் வழியில் அட்டாமியிலேயே இறங்கிவிட்டாள். ரசீதில் ‘ஒருவர்’ என்று இருந்ததற்கு அன்பும் காரணமில்லை, பசியும் காரணமில்லை. உணவு வேளையில் அங்கே ஒருவர்தான் இருந்தார்.

டோரிகாயின் மகள் சொன்ன அழகான பதில் இப்போது என்னவாகிறது? அது உண்மையை நோக்கித் தள்ளியது, ஆனால் உண்மையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நடைமேடையில் நின்ற இரண்டு பணிப்பெண்களும், கடற்கரையில் நின்ற காவலர்களும், காப்பிக் கடைப் பெண்ணும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். பரிமாறும் பெண் செய்தபோது அது சிரிப்பதற்குரிய சிறு சங்கடம். காவல்துறை செய்தபோது கொலை ஒன்று தற்கொலையாகப் பதிவாகிவிட்டது. மிஹாரா தன் கடைசிக் கடிதத்தில் டோரிகாய்க்கு இதையே எழுதுகிறார்: சயாமாவும் ஒட்டோகியும் தொடர்பற்ற இரண்டு புள்ளிகள், அவை அருகில் இருந்ததால் நாம்தான் கோடு போட்டுவிட்டோம் என்று. நாவலின் பெயர் ரயில் வரைபடத்திலிருந்து பிறந்ததென்று அதுவரை எண்ணியிருக்கக் கூடியவர்கள் அங்கே நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.

ரியோகோவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாவலின் மிகச் சிறந்த பாத்திரம் அவள்தான். காச நோயாளி, காமகுராவில் பெரும்பாலும் படுக்கையில். அவளுக்குப் பொழுதுபோக்கு கால அட்டவணை வாசிப்பது. தன் கைக்கடிகாரம் காட்டும் அதே நிமிடத்தில் நாட்டின் எந்தெந்தத் தொலைதூர நிலையங்களில் வண்டிகள் வந்து நிற்கின்றன என்று தேடித் தேடிக் கற்பனையில் பயணம் செய்வதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை ஒன்று நாவலுக்குள் வருகிறது. கவிதைக்கு மிக அருகில் போகும் பக்கங்கள் அவை. கொலைத் திட்டம் அந்தக் கற்பனையிலிருந்தே பிறந்தது என்று அறியும்போதும் எனக்கு அந்தக் கட்டுரையின்மீது வெறுப்பு வரவில்லை. பாதி நாள் படுத்திருக்கும் ஒருத்தி நாடு முழுக்க அசையும் வண்டிகளைத் தன் விரலடியில் வைத்திருக்கிறாள். யசுதாவுக்கு அட்டவணை ஒரு கருவி, அவளுக்கோ அதுதான் உலகம்.

கடைசிக் கடிதம்

காமகுரா வீட்டில் யசுதாவும் ரியோகோவும் நஞ்சருந்தி இறந்து கிடக்கிறார்கள். மீண்டும் அருகருகே ஓர் ஆண், ஒரு பெண். இந்த முறை மிஹாரா உடனே கோடு போடத் தயங்குகிறார். யசுதா தெரிந்தே குடித்தாரா, நாள் எண்ணிக்கொண்டிருந்த மனைவி அவரைத் தனியே விட்டுப் போக மனமின்றித் தெரியாமல் கொடுத்தாளா என்று ஐயப்படுகிறார். அவர் கற்றுக்கொண்டுவிட்டார் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. இரண்டாம் முறை அந்தக் கடிதத்தைப் படித்தபோது அப்படித் தோன்றவில்லை. குற்றவாளிகள் இருவரும் இறந்தபின் எழுதப்படும் அந்த நீண்ட கடிதத்தில் உறுதியான சான்று மிகக் குறைவு. ஒட்டோகி கணவனின் ஆசைநாயகி என்பது ரியோகோவுக்குத் தெரியும். ஆகவே கணவனின் தொழிலைக் காப்பாற்றுவதைவிட ஒட்டோகியை ஒழிப்பதில்தான் அவளுக்கு அதிக அக்கறை இருந்திருக்கலாம் என்று மிஹாரா ஊகிக்கிறார். பொறாமை கொண்ட மனைவி, கைவிடப்பட்ட காதலி. காதலர் தற்கொலை எவ்வளவு பழைய கதையோ அவ்வளவு பழைய கதை இதுவும். ஒரு தயார்நிலைக் கதையை உடைத்தவர், அதன் இடத்தில் இன்னொரு தயார்நிலைக் கதையை வைக்கிறார். அந்த அட்டவணைக் கட்டுரையை எழுதிய பெண் அந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை.

ஒட்டோகியின் நிலைமை இன்னும் மோசம். அவள் எதற்காக அந்த ரயிலில் ஏறினாள், ஏன் அட்டாமியில் இறங்கிக் காத்திருந்தாள், தன்னிடம் சொல்லப்பட்டதைப் பற்றி என்ன நினைத்திருந்தாள் என்பதெல்லாம் பிறர் வாயால் சில வரிகளில் கடந்துவிடுகின்றன. அவளைத் தனிப் புள்ளியாகப் பார்க்கத் தவறியதே குற்றம் வெற்றிபெறக் காரணம் என்று சொல்லும் நாவலும் அவளைப் பார்ப்பதில்லை. இதை மாட்சுமோட்டோவின் குறையாகவே நான் எண்ணுகிறேன். அன்றைய நாவல்கள் அப்படித்தான் என்று சமாதானம் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனெனில் ரியோகோவுக்கு அவரால் சில பக்கங்கள் கொடுக்க முடிந்திருக்கிறது.

ஆனால் கடிதத்தில் ஒரு கோடு உறுதியானது. ஊழல் விசாரணையில் எல்லாம் அறிந்திருந்த உதவிப் பிரிவு அதிகாரி சயாமா இறந்ததால் யார் பயனடைந்தார்கள்? அவருக்கு மேலிருந்த இஷிதா வேறொரு துறைக்கு, முன்னதைவிட நல்ல பதவிக்கு மாற்றப்படுகிறார். பொய்ச்சாட்சிக்குத் துணைநின்ற கீழ்நிலை அலுவலருக்கும் பதவி உயர்வு. அவர்கள்மீது சட்டம் கை வைக்கவே இல்லை. 1954இல் கப்பல் கட்டுமான ஊழல் வழக்கில், ஆளுங்கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த சாடோ ஐசாக்குவைக் கைது செய்யவிடாமல் நீதித்துறை அமைச்சரே தன் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்தார். பின்னாளில் சாடோ பிரதமருமானார். அந்த நினைவு ஆறாத வாசகர்களுக்கு இஷிதாவின் பதவி மாற்றம் கற்பனையாகப் பட்டிருக்காது. அறைக்குள் பூட்டப்பட்ட புதிர்களில் மகிழ்ந்திருந்த ஜப்பானியத் துப்பறியும் எழுத்தை அரசு அலுவலகத்தின் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தவர் என்று மாட்சுமோட்டோவைச் சொல்வது இதனால்தான்.

பிற்பாடு அவர் இதே வேலையைக் கற்பனையின் துணையில்லாமல் செய்ய முயன்றார். ஜப்பான் தேசிய ரயில்வேயின் முதல் தலைவர் ஷிமோயாமா 1949 ஜூலை 5 அன்று டோக்கியோவின் ஒரு பல்பொருள் அங்காடிக்குள் நுழைந்தபின் காணாமல் போய், மறுநாள் அதிகாலை தண்டவாளத்தில் சிதைந்த உடலாகக் கிடைத்தார். பெரும் ஆட்குறைப்பை அவர் அறிவித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. தற்கொலையா, கொலையா என்று மருத்துவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள்; இன்றுவரை முடிவில்லை. 1960இல் மாட்சுமோட்டோ ‘ஜப்பானின் கறுப்பு மூடுபனி’ என்ற கட்டுரைத் தொடரில் இதையும் அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத்தின் வேறு பல மர்மங்களையும் எடுத்துக்கொண்டு, பின்னணியில் அமெரிக்க உளவு அமைப்புகளின் கை இருந்ததாக வாதிட்டார். நூல் பெருவாரியாக விற்றது. நாவலாசிரியர் ஓஓகா ஷோஹெய் அதைக் கடுமையாக விமர்சித்தார்: உண்மைகளிலிருந்து முடிவுக்கு வராமல், முன்பே வைத்திருந்த முடிவுக்கு ஏற்ப உண்மைகள் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பது அவரது குற்றச்சாட்டின் சாரம்.

அந்த விமர்சனத்தைப் பற்றி அறிந்தபோது எனக்கு மிஹாராவின் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. ஓஓகா சொல்வதில் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன். தண்டவாளத்தில் கிடந்த அந்த உடலையும் ஆக்கிரமிப்பு அதிகாரிகளின் அலுவலகத்தையும் இணைக்கப் போதுமான சான்று மாட்சுமோட்டோவிடம் இல்லை. ஆனால் ‘தற்கொலை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவதும் ஒரு கோடுதான், அதற்கும் சான்று போதவில்லை. அதைப் போட்டவர்களிடம் மட்டும் ஏன் யாரும் ஆதாரம் கேட்பதில்லை என்ற எரிச்சலில்தான் அவர் எழுதினார் என்பது அந்தப் பக்கங்களின் தொனியிலேயே தெரிகிறது. காஷீ கடற்கரையில் காவலர்கள் அடைந்த நிம்மதியை அவரால் கற்பனையிலும் பொறுக்க முடியவில்லை, வாழ்க்கையிலும் முடியவில்லை. தவறான கோடு போடும் அபாயத்தை ஏற்றுக்கொண்டாவது அவர் அந்த நிம்மதியைக் கலைக்க விரும்பினார். அந்தப் பேரத்தை நாவலாசிரியராக அவர் செய்தபோது நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன், வரலாற்றாசிரியராகச் செய்தபோது பாதி மனத்தோடு.